அக்காவின் தரப்பு

முப்பது வருஷமாகப் பத்திரிகையில் இருக்கிறார் குமரகுருபரன். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது சொந்தக்காரர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் தெருச் சாக்கடையைப் போடு என்பார்கள். என் மருமகன் கேஸைப் போடாதே என்பார்கள். போடுவதும் போடாமல் விடுவதும் அவர் சட்டைப்பைக்குள் இருப்பதாக நினைப்பு. விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறார். மற்றவர்களுக்குச் சொல்லாமல் விட்டது பரவாயில்லை. சொந்த அக்காவுக்கு முன்னமே சொல்லிவைக்காமல் விட்டதுதான் வினையாகிப் போனது.

அக்கா ராஜராஜேஸ்வரி, சேரன்மகாதேவி சாலையில் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. மே மாதம் ஓய்வு. செவ்வாய்க்கிழமை யாரோ பிறந்தநாளுக்கென்று கொடுத்த எலுமிச்சைச் சோறு பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏழெட்டுப் பேர் வாந்தி எடுத்தார்கள். அக்கா இரண்டு ஆட்டோவைப் பிடித்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மற்றப் பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவிடக் கூடாதென்று கேட்டைப் பூட்டச் சொல்லியிருந்தாள். பதறி ஓடிவந்த பெற்றோர் கண்டது பூட்டிய கேட்டைத்தான். தலைமை ஆசிரியை எங்கே என்று சத்தம் போட்டதற்கு, உள்ளே இருந்த புது டீச்சர் பயந்துபோய், தெரியாது என்று சொல்லிவிட்டாள். அதை ஒருத்தர் செல்போனில் பிடித்து அனுப்ப, குழந்தைகளைப் பூட்டிவைத்துவிட்டு ஓடிப்போன தலைமை ஆசிரியை என்று சாயங்காலத்துக்குள் திருநெல்வேலி முழுக்கச் சுற்றிவிட்டது. பிள்ளைகள் நல்லபடியாக வீடு திரும்பியதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

நடந்தது இன்னதென்று குமரகுருபரனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்தே அக்கா அவரிடம் பேசியிருந்தாள். தெரிந்து என்ன செய்ய? அக்காவைப் பற்றிய செய்தியைத் தம்பி எழுதக் கூடாது. மறுநாள் காலையில் பத்திரிகை ஆசிரியரிடம் போய், இது என் அக்கா, வேறு ஆளிடம் கொடுங்கள் என்றார். செய்தி விஜயஸ்ரீயிடம் போனது. வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான். ஆனால் விசாரிக்காமல் ஒரு வரி எழுதாத பெண். பெற்றோரைப் பார்த்தாள், போலீஸில் கேட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போனாள். யாரோ ஒரு டீச்சர் கூட்டிவந்தார்கள், பெயரெல்லாம் தெரியாது என்றார்கள் அங்கே. அக்காவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வீட்டுக்கே போனாள். அத்தான் நமச்சிவாயம் வாசலில் நின்றபடியே, பேப்பர்காரர்களிடம் பேச ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

பேசாவிட்டால் செய்தி வராது என்பது அவர்கள் போட்ட கணக்கு. அதற்காகச் சும்மாவும் இருக்கவில்லை. விஜயஸ்ரீயிடம் பேசுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார்கள். வக்கீல் பெரியப்பா, பள்ளிச் செயலாளர், விளம்பரம் கொடுக்கிற ஜவுளிக்கடை அண்ணாச்சி என்று ஒவ்வொருவராகக் குமரகுருபரனைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: இதை நிறுத்து. அவரும் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னார்: அக்காவை அந்தப் பெண்ணிடம் ஐந்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். ஏதோ பொறி வைக்கிறார் என்றுதான் எல்லாருக்கும் பட்டது. பத்திரிகைக்காரன் புத்தியைக் காட்டிவிட்டாயே என்று அண்ணாச்சி வாய்விட்டே சொன்னார்.

மத்தியானம் அவரே டவுனில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா குளிக்காமல், சாப்பிடாமல், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அத்தான்தான் ஆரம்பித்தார்.

"என்ன மாப்ளே, வீட்டுல ஒரு பத்திரிகைக்காரன் இருந்து என்னவே பிரயோஜனம்?"

குமரகுருபரன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக எடுத்துச் சொன்னார். பெற்றோர் சொன்னதை எழுதியாகிவிட்டது. உன் தரப்புதான் காலியாக இருக்கிறது. நீ சொன்னால் அதுவும் அதே செய்தியில் சேர்ந்து வரும். சொல்லாவிட்டால், பேச மறுத்தார் என்று வரும். எப்படியும் செய்தி நிற்காது. ஊரே பார்த்த விஷயத்தை எங்கள் பேப்பர் மட்டும் போடாவிட்டால், தம்பி அமுக்கிவிட்டான் என்பார்கள். அந்த அசிங்கமும் உனக்குத்தான்.

"எல்லாம் உனக்குத் தெரியும்லாலே, நீயே எழுது," என்றாள் அக்கா.

"தம்பி எழுதினா யாரு நம்புவாக்கா?"

"அப்போ நீயும் என்னை நம்பல."

"நான் நம்புதேன். நான் மட்டும் நம்புனா பேப்பருக்குக் காணாதுக்கா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் வாந்தி எடுத்த சேலையோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள் நான். என்னிடம் எவளோ ஒருத்தி வந்து நீ ஓடிப்போனாயா என்று கேட்பாள், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமா என்றாள். அதில் இருந்த நியாயம் அவருக்கு வலித்தது. ஆமாம், கேட்கத்தான் செய்வாள், கேட்பதுதான் அவள் வேலை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது ஆற்றுப் பாலத்து ஓரமாக வண்டியை நிறுத்தி மறுபடியும் போன் போட்டார். அத்தான் எடுத்து, அவள் தூங்குகிறாள் என்று வைத்துவிட்டார். பக்கம் முடிக்கிற நேரம்வரை விஜயஸ்ரீ காத்திருந்தாள். இன்னொரு தடவை கூப்பிடட்டுமா சார் என்று அவளே கேட்டாள். கூப்பிடும்மா என்றார். மணி அடித்து ஓய்ந்தது. பக்கம் அச்சுக்குப் போனது.

வியாழக்கிழமை காலையில் பேப்பரை விரித்தார். தலைமை ஆசிரியை மீது பெற்றோர் புகார் என்று தலைப்பு. ஓடிப்போனார் என்ற வார்த்தை எங்கும் இல்லை. ஆசிரியை ஒருவர் குழந்தைகளை மருத்துவமனைக்குக் கூட்டிவந்ததையும் விஜயஸ்ரீ மறக்காமல் சேர்த்திருந்தாள். ஒரு வரியில்கூடப் பொய் இல்லை. கடைசி வரி, தலைமை ஆசிரியையிடம் கருத்துக் கேட்டபோது பேச மறுத்துவிட்டார் என்று முடிந்திருந்தது. காபியைக் குடிக்கப் பிடிக்காமல் அப்படியே வைத்தார்.

சற்று நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"ஏலே, டீக்கடையில அந்தக் கடைசி வரியத்தான் சத்தமா வாசிக்கானாம். தப்பு பண்ணாதவ ஏன் பேசமாட்டேங்கான்னு கேக்கானாம். அத்தான் கேட்டுட்டு வந்து படுத்துட்டாவ."

குமரகுருபரன் பேப்பரை மடித்து வைத்தார்.

"அந்தப் பிள்ளைய வரச்சொல்லு. எல்லாத்தையும் சொல்லுதேன்."

சரி என்றார். இன்றைக்கே வருவாள் என்றார்.

"நாளைக்கு இதே எடத்துல, இதே மாதிரி பெருசா வரும்லா?"

அவருக்குப் பதில் தெரியும். விளக்கம் உள்பக்கத்தில் வரும். இன்றைக்கு வாசித்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்கக்கூட மாட்டார்கள். மே மாதம் அவளுக்கு மாலை போடும்போதும், மேடைக்குக் கீழே யாராவது இந்தக் கடைசி வரியைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். வரும் என்று ஒரு பொய்யைச் சொல்லித் தேற்றிவிடலாமா என்று நினைத்தார். மனசு வரவில்லை.

"உள்ள வரும்க்கா. சின்னதா."

"நேத்தே பேசியிருந்தா?"

"இதே செய்தியிலயே வந்திருக்கும்."

அக்கா மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"இத நீ நேத்தே எனக்குப் புரியுதாப்புல சொல்லியிருக்கலாம்லாலே," என்றாள்.

"சொல்லியிருக்கலாம்க்கா," என்றார் குமரகுருபரன்.