பிடித்தம் இல்லாத இரண்டு மாதங்கள்

கடிதத்தில் ஜனீனின் கண் போய் நின்ற இடம் தொகை அல்ல, ‘பொய்யான உறுதிமொழி’ என்ற இரண்டு சொற்கள். மருந்துக் கட்டணத்தோடு நூறு பவுண்டு அபராதம், இருபத்தெட்டு நாளில் கட்டாவிட்டால் இன்னும் ஐம்பது என்று கீழே இருந்ததெல்லாம் மனதில் ஏறவே இல்லை. ஐம்பத்து மூன்று வயதுவரை அவள் பேருந்தில்கூட டிக்கெட் இல்லாமல் ஏறியதில்லை.

இங்கிலாந்தில் மருந்துக் கடையில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கட்டணம் உண்டு. ஜனீனைப் போல ஆஸ்துமாவுக்கு ஓயாமல் வாங்குகிறவர்கள் ஆண்டுச் சந்தா கட்டிவிட்டால் தனித்தனியாகக் கொடுக்க வேண்டாம். மருந்துச் சீட்டின் பின்பக்கம் ‘சந்தா இருக்கிறது’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டால் போதும். கவுன்ட்டரில் யாரும் துருவுவதில்லை, நம்பிக் கொடுத்துவிடுவார்கள். சீட்டுகள் பிறகு ஓர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே சிலவற்றை எடுத்துச் சரிபார்ப்பார்கள். ஜூனிலும் ஜூலையிலும் ஜனீன் டிக் போட்டபோது அவளுக்குச் சந்தா இருக்கவில்லை. ஏப்ரலோடு முடிந்திருந்தது.

கடிதம் வந்து பன்னிரண்டு நாளாயிற்று. இன்ஹேலர்கள் இரண்டும் கடையில் அவள் பெயரில் தயாராக இருந்தன. அவள் போகவில்லை. போனால் மறுபடி அந்தப் பின்பக்கம்.

பழுப்பு இன்ஹேலர் இழுத்ததும் ஒன்றும் தெரியாது. மூச்சுக்குழாய் வீங்காமல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பதுதான் அதன் வேலை. ஆகவே நிறுத்தினாலும் உடனே தெரியாது, ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் தெரியும். அது தீர்ந்து பத்து நாள். நீலம் அவசரத்துக்கு, இறுகிய குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்தும். அவளுடைய நீலத்தில் எத்தனை இழுப்பு மிச்சம் என்று காட்டும் எண் கிடையாது. குலுக்கினால் சலசலக்கும். மருந்து தீர்ந்த பிறகும் அப்படித்தான் சலசலக்கும்.

“என்னடி, கெட்டில் மாதிரி விசில் அடிக்கற? டீ போடட்டா?” என்றாள் பெவ். ராதர்ஹாம் கடைத்தெரு பேக்கரியில் இருவரும் பதினோரு வருடமாக ஒரே மேசையில் மாவு பிசைகிறவர்கள்.

ஜனீன் கடிதத்தை நீட்டினாள். பெவ் மாவுக் கையோடு வாங்கிப் படித்தாள்.

“பன்னெண்டு நாளா இதைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டு எனக்கு சாசேஜ் ரோல் மடிச்சுக் குடுத்தியா? எடு போனை.”

கடிதம் அனுப்பிய அலுவலகத்தின் போன் வரிசையில் நாற்பது நிமிடம். இந்த உரையாடல் பதிவு செய்யப்படும் என்று குரல் சொல்லும்போதெல்லாம் ஜனீனின் நெஞ்சு இன்னொரு சுற்று இறுகியது. கடைசியில் ஓர் இளைஞன் லைனில் வந்தான்.

“ஏப்ரல்ல முடிஞ்சது உங்களுக்குத் தெரியாதா, மேடம்?”

“கட்டிடறேன். எவ்வளவுன்னாலும் கட்டிடறேன், விட்டுடுங்க.”

“லூசு!” பெவ் அவள் தோளில் அடித்தாள். “திருடினேன்னு நீயே ஒத்துக்கறியா? நடந்ததைச் சொல்லு!”

ஜனீன் சொன்னாள். வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. ஆண்டுச் சந்தாவை வங்கிக் கணக்கிலிருந்து பத்துத் தவணையாகத்தான் பிடிப்பார்கள். அவளுக்கு மார்ச், ஏப்ரலில் எப்போதும் பிடித்தம் இல்லை. இந்த ஏப்ரல் கடைசியில் ஊரிலிருந்த வங்கிக் கிளையை மூடினார்கள். அவள் வேறு வங்கிக்கு மாறினாள். எதெது தானாகப் போகிறது என்று பழைய கணக்கின் கடைசி இரண்டு மாதத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். மின்சாரம், எரிவாயு, போன், டிவி எல்லாம் இருந்தன. சந்தா அந்த இரண்டு மாதமும் ஓய்வில் இருந்ததால் பட்டியலில் ஏறவில்லை; மே மாதம் தானாகப் புதுப்பித்திருக்க வேண்டியது நின்றுபோனது.

“நினைவூட்டல் மெயில் போட்டிருக்கோமே?”

“அந்த மெயிலோட... பாஸ்வேர்ட் தொலைஞ்சு ரெண்டு வருஷம்.”

பெவ் நெற்றியில் அடித்துக்கொண்டாள், மாவு ஒட்டியது.

தட்டச்சு ஓசை கேட்டது. “ஏமாத்தவும் இல்ல, அலட்சியமும் இல்லன்னா அபராதம் கிடையாது. ஆனா இது அலட்சியமா இல்லையான்னு நான் மட்டும் சொல்ல முடியாது. மேலே கேட்டுட்டு வரேன், லைன்ல இருங்க.”

இசை ஒலித்தது. ஜனீன் நீலத்தை எடுத்துக் குலுக்கி அழுத்தினாள். குளிர்ந்த காற்று மட்டும் தொண்டையில் பட்டது. இன்னொரு முறை அழுத்தினாள். வெறும் காற்று.

பெவ்வின் முகம் மாறிவிட்டது. “போனை வை. வா கடைக்கு.”

ஜனீன் மாட்டேன் என்று தலையாட்டினாள். வைத்தால் மறுபடி நாற்பது நிமிடம். அதைச் சொல்ல மூச்சு இல்லாததால் நான்கு விரலைக் காட்டினாள். மேசை விளிம்பைப் பிடித்துத் தோள்களை உயர்த்தி நின்றாள். உள்ளே போகிற காற்றைவிட வெளியே வருவதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

“மேடம்? ஆறு வருஷம், ஒரு தவணைகூடத் தவறல. அபராதம் ரத்து. ஜூன், ஜூலை மருந்துக் கட்டணம் மட்டும் கட்டுங்க. புதுச் சந்தா இன்னிக்கே ஆரம்பிக்கலாம், கணக்கு எண் சொல்றீங்களா?”

ஜனீனுக்கு மூன்று இலக்கத்துக்கு மேல் வரவில்லை. மீதியை வங்கி அட்டையைப் பார்த்து பெவ் வாசித்தாள், புதுச் சந்தா எண்ணைக் கடிதத்தின் ஓரத்திலேயே குறித்தாள், அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மருந்துக் கடை மூன்று கடை தள்ளி. கவுன்ட்டரில் ஷீனா ஒரு பார்வையிலேயே மருந்துப் பையைப் பிரித்துவிட்டாள். “முதல்ல இழு, கண்ணு. கையெழுத்து எங்கயும் ஓடிடாது.”

ஜனீன் பேனாவை எடுத்தாள். ‘சந்தா இருக்கிறது’ கட்டத்தின் மேல் முனை நின்றது. எண் கடிதத்தில் இருந்தது, போனில் அந்த இளைஞன் வாயாலேயே சொன்ன எண். ஆனால் போன முறையும் இருக்கிறது என்று நம்பித்தானே போட்டாள்? முனை இறங்க மறுத்தது. அவள் இருபது பவுண்டு நோட்டை எடுத்து வைத்தாள்.

“அட, சந்தா எடுத்தாச்சுடி!” என்றாள் பெவ். “எதுக்குக் காசு?”

ஜனீன் நோட்டை ஷீனா பக்கம் தள்ளினாள். நோட்டு கல்லாவுக்குள் போய் கல்லா மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ‘கட்டணம் செலுத்தினேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டாள். அது கண்ணெதிரே நடந்தது. அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

அப்புறம்தான் புதிய நீலத்தை வாயில் வைத்தாள். மருந்தின் கசப்பு நாக்கில் பட்டது. மூச்சை அடக்கிப் பத்துவரை எண்ண முயன்று ஆறில் விட்டாள்.

“ரெண்டாவது இழுப்பு,” என்றாள் ஷீனா, மீதிச் சில்லறையை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு.