துணை ஜனாதிபதியின் பொடி டப்பி

1847 டிசம்பர், வாஷிங்டன். செனட் சபையில் தலைவர் மேசைமேல் ஒரு மூக்குப்பொடி டப்பி இருந்தது. உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான்.

அந்த மேசைக்குப் பின்னால் மூன்று ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தவர் துணை ஜனாதிபதி லூஷியஸ் பெக்கம். வெர்மாண்டில் வக்கீலாக இருந்தவர். வடக்கே ஓட்டு குறையக் கூடாது என்று கட்சி அவரைக் கூட்டிவந்து ஜனாதிபதியின் பெயருக்குக் கீழே ஒட்டவைத்தது. விவாதத்தில் பேச அவருக்கு உரிமை இல்லை. ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் தன் ஓட்டைப் போடலாம். அது ஒருமுறைகூடப் பிரியவில்லை. ஜனாதிபதிக்கோ ஒரு ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை.

ஆனாலும் அடுத்த கோடையில் பால்டிமோரில் கூடும் கட்சி மாநாடு தன்னையே மறுபடி தேர்தலில் நிறுத்தும் என்று பெக்கம் உறுதியாக நம்பினார். தினமும் பாதி சபை தன் மேசைக்கு வந்து, தலை குனிந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தானே போகிறது!

"பொடிக்கு வர்றாங்க," என்றாள் மனைவி அல்மைரா, காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி.

"பொடி ஒரு சாக்கு. சும்மா என்கிட்ட வந்து நிக்க அவங்களுக்குக் கூச்சம்."

"அப்ப டப்பிய எட்ட வச்சுப் பாருங்களேன்."

"வைக்கிறேன். அப்புறம் நீயே பேசமாட்ட."

அன்றே டப்பி பின்சுவரோரம், குளிர்காயும் கணப்புக்குப் பக்கத்தில் போனது. இனி சாக்கில்லாமலே நேராகத் தன்னிடம் வருவார்கள் என்று பெக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கணப்பருகே சிரிப்பும் தும்மலுமாக ஒரே அமளி. பெக்கம் சுத்தியலைத் தட்டினார். தும்மலுக்குக் கிடைத்த மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு அவரே நாற்காலியை விட்டு இறங்கிக் கணப்பருகே போனார். கென்டக்கி செனட்டர் கிடியன் ஸ்ட்ரௌட் அப்போதுதான் ஒரு சிட்டிகை எடுத்திருந்தார்.

"ஸ்ட்ரௌட், பால்டிமோர்ல நம்ம பேரு..."

"அது கிடக்கட்டும், நீங்க நல்லா இருக்கணுங்க! உங்க மேசைக்குப் படியேறி ஏறி என் முட்டியே தேஞ்சுபோச்சு. இத்தனை வருஷமா எந்தத் துணை ஜனாதிபதிக்காவது இது தோணுச்சா?"

பெக்கம் குரலைத் தாழ்த்தினார். "டப்பிய மறுபடி அங்கயே வச்சிரலாமான்னு பாக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"வேண்டாங்க," என்றார் ஸ்ட்ரௌட். "செஞ்சதே ஒரு நல்ல காரியம். அதையும் கெடுத்துக்காதீங்க."

மாநாட்டில் பெக்கமின் பெயரை யாரும் முன்மொழியவில்லை. வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டப்பி கணப்பருகேயே இருந்தது.