பெருவிரல் மறைத்த எழுத்து

ஞாயிறு ஆராதனை முடிந்து, ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து மதுக்கடையில் நண்பர்கள் வழக்கமாகக் கூடும் மேசை நிறைந்திருந்தது. மேலே சுவரில், அவர்களில் ஒருவரான எவால்டின் அப்பாவுடைய வாள். ஈட்டிக் குதிரைப்படையில் அப்பா போரிட்ட கதையை எவால்ட் பல வருடங்களாகச் சொல்லி வந்தார். அதற்காகவே அந்த வாளுக்குச் சுவரில் இடம் கிடைத்திருந்தது.

அன்று பழைய வாள்களை ஆராயும் லூட்கர் என்பவர் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தார். மேசை நண்பர் ஹைனர் எழுந்து வாளைக் கழற்றினார்.

“இத கொஞ்சம் பாருங்க ஐயா. இவன் பீத்தலைக் கேட்டு எங்க காதே புளிச்சுப் போச்சு!”

“பாக்கட்டுமேடா,” என்றார் எவால்ட். அவருக்கு உண்மை தெரியும்.

லூட்கர் வாளின் முதுகைத் தடவினார். கிரீடம், அரசரின் முதலெழுத்து, ஓர் இரண்டிலக்க எண். “எண்பத்து நாலு. ஆயிரத்து எண்ணூத்து எண்பத்து நாலு.” பிறகு படைப்பிரிவின் முத்திரை எழுத்துக்காக வாள்பிடியின் கைக்காப்பைத் திருப்பினார். பார்த்தார். எவால்டின் முகத்தையும் பார்த்தார். முத்திரைமேல் பெருவிரலை வைத்தார்.

“தேஞ்சிருக்கு. எந்தப் படைன்னு சொல்ல முடியல. ஈட்டிக்காரங்களும் இப்படி வாள் வெச்சிருந்தாங்க.”

“தப்பிச்சடா!” ஹைனர் எவால்டின் முதுகில் அறைந்தார். “உங்கப்பாவுக்காக ஆளுக்கொரு பியர்!”

எவால்டுக்கு முகம் சுட்டது. முன்பின் தெரியாத ஒருவர், கர்த்தருடைய நாளில், தமக்காகப் பொய் சொல்கிறார். அப்பா உயிரோடிருந்தபோது ஒருநாள் இதே மேசையில் எவால்ட் இந்தக் கதையைச் சொல்லக் கேட்டார். பாதிக் குவளையை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

“விரலை எடுங்க ஐயா.”

“வேண்டாமே,” என்றார் லூட்கர், மெல்ல.

எவால்ட் தாமே அந்த விரலை நகர்த்தினார். “இது வண்டிப்படை முத்திரை. எங்கப்பா படைக்கு ரொட்டி வண்டி ஓட்டினாரு. யாரையும் வெட்டல. எனக்குத்தான் அது கேவலமா இருந்துச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. “இத்தனை வருஷமாடா?” என்றார் ஹைனர்.

எவால்ட் கிளம்பத் தொப்பியை எடுத்தார். லூட்கர் நாற்காலியை நகர்த்தி இடம்விட்டார்.

“உக்காருங்க. அப்பா பேரு என்ன?”

அதுவரை அந்த மேசையில் யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் எவால்டின் அப்பா மட்டும்தான். எவால்டும் பெயரைச் சொன்னதில்லை.

“ஃப்ரீடெல்ம்,” என்றார் எவால்ட். தலை நிமிரவில்லை.