மாப்பிள்ளை கொண்டுவந்த காய்

எங்கள் ஒலாஞ்சோ மலைக் கிராமத்தில் பெண் கேட்டு வருகிறவன் மோதிரம் கொண்டுவர வேண்டாம். விளைந்த தியூசிந்தே காய் ஒன்று கொண்டுவந்தால் போதும். பார்க்க ஈச்சை மாதிரி இருக்கும் அந்த மரத்தின் விதையைச் சாம்பல் போட்டு வேகவைத்து, நஞ்சு போகக் கழுவி, அரைத்து, இலையில் மடித்து அவித்துத் தமால் செய்வோம்.

என் தங்கை ஒப்துலியாவைக் கேட்டு வந்த அபெலினோ கடற்கரைக்காரன். மீன் பிடிக்கத் தெரியும். தியூசிந்தேயில் ஆண், பெண் உண்டென்று தெரியாது. பாறைச் சரிவில் ஏறி, ஒல்லியாக நீண்டிருந்த காய் ஒன்றை வெட்டித் தோளில் சுமந்து வந்து நின்றான். உடம்பெல்லாம் அதன் மஞ்சள் மகரந்தத் தூள்.

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்ப்பா, இது ஆம்பள. இதுல விதையே கெடையாது. என்னத்த அரைக்கச் சொல்ற, உன்னையா?"

நான் சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறி ஓடின. அம்மா சிரிக்கவில்லை. அந்தச் சரிவில் அந்த வருஷம் தூள் விட்டது அவன் காய் வெட்டிய அந்த ஒரு மரம்தான்.

"இந்தத் தூளு இல்லன்னா பொண்ணு மரமெல்லாம் பதராப் போயிரும். திருப்பிக் கொண்டுபோயி, பிஞ்சு விட்டிருக்கிற மரத்துப் பக்கத்துல வை. மத்தத வண்டு பாத்துக்கும். அந்தப் பிஞ்சு வெளஞ்சு வரட்டும், அப்புறம் என் பொண்ணக் கேளு."

"எப்பம்மா வெளையும்?"

"ஒன்றரை வருஷம் ஆகும்."

அபெலினோவின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் கொண்டுபோய் வைத்தான். அன்று சாயங்காலமே ஒப்துலியா என் காதைக் கடித்தாள்: "அக்கா, அந்தக் காய்க்குப் பொறுமை இருக்கு. எனக்கு இல்ல." மறுநாள் காலையில் இருவரும் கடற்கரைக்குப் பஸ் ஏறிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா அவள் பெயரையே எடுக்கவில்லை. அந்தப் பிஞ்சை மட்டும் வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற மகளை விட்டுவிட்டு மரத்தை நலம் விசாரிக்கிறாளே!

காய் விளைந்தது. நல்ல கனம். ஊர் வழக்கப்படி கொஞ்சம் விதையைச் சரிவிலேயே ஊன்றிவிட்டு, மீதியில் தமால் செய்து கூடையை என்னிடம் நீட்டினாள். மேலே ஒரு துணியில் நாலைந்து விதைகள் முடிந்திருந்தன.

"அவளுக்குப் பொட்டப்புள்ள பொறந்திருக்காமே. இத மாப்பிள்ளைய வாசல்ல நடச் சொல்லு. காய்க்க இருபது வருஷத்துக்கு மேல ஆகும்."

"அவ்வளவு நாள் கழிச்சு எதுக்கும்மா?"

"இவன் பொண்ணக் கேட்டு ஒருத்தன் வருவான்ல? எந்தக் காய வெட்டுறான்னு இவனும் உக்காந்து பாக்கட்டும்."

சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள். அவளும் வருகிறாளாம்.