பதினோரு கத்திகளும் ஒரு காளையும்

இடது தோள் கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. இருபது லிட்டர் கேன் இரண்டு, நூற்று நாற்பது படி, நாளுக்கு ஐந்து நடை. மூன்று வருடமாக இதுதான் பிழைப்பு. தாயிஸ் நகரில் எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர்க் குழாய் உடைந்து கிடந்தது, நகரைப் பிளந்து நின்ற இரண்டு படைகளுக்கும் நடுவில்.

அந்தப் பக்கம் சபா இருந்தாள். போருக்கு முன் ஒரே ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தவர்கள் நாங்கள். போன் பேச்சு மட்டும் அறுந்துபோகவில்லை. ஒருநாள் அவள் போஸ்னியாவிலிருந்து மெர்ஸிஹா என்பவளையும் அழைப்பில் சேர்த்தாள். அவளும் ஒரு காலத்தில் தன் ஊர் முற்றுகைக்குள் தண்ணீர் சுமந்தவள். அவள் சொன்னதைச் சபாவின் மகள் எங்கள் மொழியில் சொன்னாள்.

"சமாதானம்னு வாயத் திறக்காதீங்க. அதுக்குப் பெரிய ஆளுங்க வருசக்கணக்கா நாற்காலி தேடுவாங்க. குழாய்னு மட்டும் கேளுங்க. விடாம கேளுங்க."

கேட்டோம். பதினோரு பெண்கள் காலிக் கேன்களோடு காவல்சாவடியில் போய் உட்கார்ந்தோம். தளபதி முர்ஷித் எங்கள் தெருப் பையன்தான். கன்னத்தில் போதை ஏற்றும் காத் இலையை அதக்கிக்கொண்டு வந்தான்.

"நாஜியோட அம்மா, வீட்டுல அடுப்பு எரியலயா?" என் மகன் பேரைச் சொல்லி என்னைக் கேட்டான்.

"எரியுது. சட்டியிலதான் தண்ணி இல்ல. உன் மூக்கச் சிந்திவிட்ட கைடா இது, அது மேலயே துப்பாக்கிய நீட்டு."

பத்தாம் நாள் இறங்கி வந்தான். "அவங்க ஆளு வந்து சரி பண்ணட்டும். நாலு மணி நேரம் சுட மாட்டோம். ஆனா ஜாமீன் யாரு?"

ஜாமீன் என்றால், எங்கள் ஊர் வழக்கப்படி, ஆண்பிள்ளை இடுப்புக் கத்தியை உருவி எதிராளி கையில் கொடுக்க வேண்டும். அவன் ஆட்களில் ஒருவன் கையும் இடுப்புக்குப் போகவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, செத்துப்போன என் புருஷனின் கத்தியை எடுத்து வந்தேன்.

"பொம்பள குடுக்குற ஜாமீனா?" ஒருவன் சிரித்தான்.

"ஆம்பள எவனும் குடுக்கலயே, என்ன பண்ண?"

மதியத்துக்குள் பதினோரு வீட்டுக் கத்திகளும் வந்தன. மாவுச் சாக்கில் போட்டு நடுவழியில் சபாவிடம் கொடுத்தேன். அவள் தம்பி நஷ்வான்தான் குழாய் வேலைக்காரன். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

மூன்றாவது மணி நேரம். நான்கு போல்ட்டுகள்தான் பாக்கி. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குண்டு வந்து நஷ்வானின் வலது கையைத் துளைத்தது. சபா அவனை இழுத்துக்கொண்டு போனாள். அவன் ஸ்பானர் மண்ணில் கிடந்தது. நான் எடுத்தேன். கூட வந்திருந்த பெண்கள் யாரும் எழுந்து ஓடவில்லை. போல்ட்டுகளை நாங்களே முறுக்கி முடித்தோம். சாயங்காலம் குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்தது.

ஜாமீன் கொடுத்த இடத்தில் ரத்தம் விழுந்தால், கொடுத்தவர்கள் அடிபட்டவன் வாசலில் காளை வெட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை கத்திகள் திரும்பாது. "சுட்டது யாருன்னே தெரியல" என்று முர்ஷித் கைகழுவிவிட்டான்.

"காளைக்கு நாங்க பணம் அனுப்புறோம்" என்றாள் மெர்ஸிஹா போனில்.

"வேணாம் தாயி. வாக்கு நாங்க குடுத்தது. காளையும் எங்க கையாலதான் போகணும்" என்றேன்.

"சரியான திமிரு புடிச்சவளுங்க. வெட்டுற அன்னிக்கு என்னையும் போன்ல கூப்பிடுங்க."

நடுவில் சபா புகுந்தாள். "நஷ்வான் கேக்குறான், காளை எப்பன்னு. ரெண்டு விரலு மடங்கல. நோஞ்சான் கன்னுக்குட்டிய ஓட்டிட்டு வந்தா வாசல்லயே திருப்பி விரட்டுவானாம்."

"கொழுத்ததா வரும்னு சொல்லு."

நஷ்வானின் வாசலுக்குப் பதினோரு பேரும் ஒரு காளை கடன்பட்டிருக்கிறோம். இன்னும் கொடுக்கவில்லை.