தொட்டியம்மாவின் கரி

சாயப்பட்டறையில் அவளைத் தொட்டியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கழிவுத் தண்ணீர்த் தொட்டிகள் அவள் பொறுப்பு. சாயத் தண்ணீர் கரி நிரப்பிய இரும்பு உருளைக்குள் இறங்கும், சாயத்தைக் கரி தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழ்க்குழாயில் தெளிந்த தண்ணீர் வரும். கடைக் கரி எதற்கு, கடலைத் தோலைச் சுட்டு நானே கரி செய்கிறேன் என்று முதலாளியிடம் வாயைக் கொடுத்துவிட்டாள்.

அவர் லேசுப்பட்டவரா? "ரெண்டு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வர்றார். தண்ணியில நிறம் இருக்குன்னு சொன்னா, நீ மறுபடி சாயம் முக்குற இடத்துக்கே போயிடணும்" என்றார். அங்கே சாய ஆவியில் மூன்று வருஷம் இருமியவள் அவள்.

இன்றைக்குப் பார்த்துச் சிவப்புச் சாயம். காலையிலிருந்து வெயிலில் நின்று, தகதகவென்று சிவந்து கிடந்த முதல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குக் கீழ்க்குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வெள்ளைச் சுவருக்கு நேரே தூக்கிப் பார்த்தால், பச்சை!

"பாவி கரி! சிவப்பைக் குடிச்சிட்டுப் பச்சையைக் கக்குதே!"

தண்ணீர் மெதுவாக இறங்கட்டும் என்று சிவப்புத் தொட்டிக்கு ஓடி வால்வைக் குறைத்தாள். காத்திருந்து வந்து பார்த்தாள். பச்சை. இன்னும் குறைத்தாள். அதே பச்சை. சாய மாஸ்டரைக் கூப்பிட்டாள். சிவப்புத் துணியை அப்படியே போட்டுவிட்டு வந்த அந்த மகானுபாவர், "பச்சைதாம்மா, சந்தேகமே இல்ல" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டியது.

அவள் புருஷன் அங்கே கேன்டீனில் சமையல்காரன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவன் டம்ளரை எட்டிப் பார்த்தான்.

"என்ன பச்சை? தண்ணி தண்ணியாத்தானே இருக்கு?"

"நான் செஞ்சா உங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும். ஆறுதல் சொல்லாதீங்க."

"ஆறுதலா? சரி, அந்தச் சுவர் என்ன நிறம்?"

சிவப்புத் தொட்டியிலிருந்து கண்ணைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். அதுவும் பச்சை! புருஷன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் பச்சை. அட கண்ணே, காலையெல்லாம் சிவப்பையே பார்த்தால், வெள்ளையைப் பச்சையாகக் காட்டாமல் நீ வேறு என்னதான் செய்வாய்! விழுந்து விழுந்து சிரித்தாள். கரிமேல் விழுந்த பழியை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு மணிக்கு வந்த அதிகாரியை முதலாளி பெருமையாகச் சிவப்புத் தொட்டி ஓரமாகவே நிறுத்தி, ரொம்ப நேரம் விளக்கம் சொல்லிவிட்டுக் கூட்டிவந்தார். டம்ளரைப் பார்த்ததும் அதிகாரி முகம் சுளித்தார். "பச்சையா இருக்கே?"

முதலாளிக்கு முகம் தொங்கிப்போயிற்று. தொட்டியம்மா நிழலில் நாற்காலி போட்டாள்.

"சார், அஞ்சு நிமிஷம் கண்ணை மூடி உக்காருங்க. அப்புறம் பாத்துச் சொல்லுங்க."

அவர் கண் திறந்தபோது முன்னால் இரண்டு டம்ளர். ஒன்றில் குடிதண்ணீர். மாறி மாறிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார்.

"இதுல கழிவுத் தண்ணி எதும்மா?"

புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவள் காட்டினாள். அதிகாரி கொண்டுவந்திருந்த நிறம் அளக்கும் கருவியும் எதையும் காட்டவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

"தொட்டி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் முதலாளி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

எல்லாரும் போனபிறகு தூக்கைத் திறந்து வைத்து, அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள். இருமல் வரவில்லை.