மலை தெரியாத நாள்

குத்தாலிங்கத்தின் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே குற்றால மலை தெரியும். மலை தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை புறாக்களையும் கூடையில் வைத்துக் குற்றாலத்துக்குக் கொண்டுபோகலாம். தெரியாவிட்டால் புறாக்கள் வீட்டில் இருக்க வேண்டியது, மனிதர்கள் மட்டும் போய்க் குளித்துவிட்டு வர வேண்டியது. கல்யாணமான முதல் ஆனி மாதமே இந்தச் சட்டத்தை அவன் ரத்தினத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டான்.

“புறாவுக்குக் கண்ணுதான் வழி காட்டணும். மேகம் வந்து மலையை மூடிட்டுன்னா அதுக்குத் திக்குத் தெரியாது. சுத்திச் சுத்திப் பறந்து, றெக்கை நனைஞ்சு, எங்கனயாவது விழுந்துரும். அந்த நேரத்துல கூடையைத் திறக்குதவனுக்குப் புறா எதுக்கு?”

ரத்தினம் கேட்டு வைத்துக்கொண்டாள். புளியங்குடியில் பிறந்து வளர்ந்த அவள், புறாவைக் கோபுரத்தில் பார்த்ததோடு சரி.

புறாக்கள் ஒரு ஜோடிதான். சாம்பல் நிறத்தில் கழுத்து மட்டும் வெளுத்திருந்த ஆணுக்குத் துரை என்று பெயர். பொட்டை செவலை. தென்காசிக் கடைத்தெருவில் குடை பழுது பார்க்கிற மசூது, இரண்டையும் இன்னும் பறக்கத் தொடங்காத குஞ்சுகளாகக் கொடுத்திருந்தார். குத்தாலிங்கம் மர அறுவை மில்லில் குமாஸ்தா. மில்லில் கழித்துப்போட்ட சட்டங்களையும் மண்ணெண்ணெய் டின் வருகிற பலகைப் பெட்டிகளையும் கொண்டு மாடியில் அவனே கூடு கட்டினான்.

மில்லுக்கு ஞாயிறு விடுமுறை. அன்று காலை பஸ்ஸில் ரத்தினத்தின் மடியில் தூக்குச்சட்டி இருக்கும், அவன் மடியில் புறாக் கூடை இருக்கும். கூடைக்குள்ளிருந்து குமுறல் கேட்டு முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தால், “எங்க வீட்டு ஆளுக, டிக்கெட் எடுக்கல” என்பான். குற்றாலத்தில் இறங்கியதும் கடைகளைத் தாண்டி வெட்டவெளிக்குப் போய்க் கூடையைத் திறப்பான். இரண்டும் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்து, துரை முன்னே செவலை பின்னே என்று கிழக்கே திரும்பும். அதன் பிறகுதான் எண்ணெய், குளியல் எல்லாம். ஆண்கள் பக்கம் அவன், பெண்கள் பக்கம் அவள். அருவி தலையில் அறைந்த அறையில் காது அடைத்துப்போய் இருவரும் வெளியே வந்து, நடுங்கிக்கொண்டே புளிச்சோறு சாப்பிடுவார்கள். மங்குஸ்தான் விலை கேட்பார்கள். சில வாரம் வாங்குவார்கள்.

ஒரு பந்தயமும் இருந்தது. வீடு திரும்பும்போது புறாக்கள் முந்தி வந்திருந்தால் சாயங்காலக் காபி குத்தாலிங்கம் போட வேண்டும். பஸ் முந்தினால் ரத்தினம். இவர்கள் குளித்துச் சாப்பிட்டு வருவதற்குள் புறாக்கள் எப்போதோ வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கியிருக்கும் என்பது அவளுக்கு இரண்டாவது வாரமே விளங்கிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் அவன் காபி போடுவதற்காகவே வைத்த பந்தயம் அது. விளங்கியதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. மாடியை எட்டிப் பார்த்துவிட்டு, “புறா முந்திட்டு” என்று மட்டும் சொல்வாள். அவன் சலித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பான்.

முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது பிரசவத்தில் ஆண் குழந்தை. மாதம் நிறையுமுன் பிறந்து ஒரு பகல் இருந்தது. அந்தப் பகல் முழுவதும் மாடியில் துரை குமுறிக்கொண்டே இருந்தது. புறா குமுறுவது புதிதல்ல, எல்லா நாளும் குமுறுகிறதுதான். அன்றைக்கு அது ரத்தினத்தின் காதில் வேறாக விழுந்தது. அதை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாவது முறை உண்டானபோது சிவகிரியில் வாழ்க்கைப்பட்டிருந்த குத்தாலிங்கத்தின் அக்காள் வடிவம்மாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். தாயில்லாத தம்பியை வளர்த்தவள். முந்தைய இரண்டு கர்ப்பத்துக்கும் துணைக்கு வந்து, இரண்டு முறையும் வெறுங்கையோடு ஊர் திரும்பியவள். வந்த அன்றே மாடிப் படியைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

“ஏலே, புறா அனத்துத வீட்டுல பிள்ளை தங்காதுன்னு எங்க ஊர்ல எல்லாரும்தான் சொல்லுதாவ. நீ படிச்சவன், உனக்குத் தெரியாதா?”

“கோயில்ல ஆயிரம் புறா அனத்துது. அங்க என்ன கெட்டுப் போச்சு?”

“கோயிலுக்கு யாரும் பிள்ளை பெற வாரதில்ல. வீடு வேற. ரெண்டு உசிரு போயாச்சு. இன்னும் உனக்கு எத்தனை போவணும்?”

குத்தாலிங்கம் மனைவியைப் பார்த்தான். அவள் ‘போங்க மதினி’ என்று சிரித்து மறுப்பாள் என்று நினைத்தான். ரத்தினம் முறத்திலிருந்த பயறைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அதைப் பார்த்துத்தான் அவன் பயந்தான்.

முதலில் வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மில் கூட்டாளி ஒருவரிடம் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் சில நாள் அடைத்து வைத்து, கம்பும் சோளமும் வேண்டியமட்டும் போட்டு, இனிப் பழகியிருக்கும் என்று கூட்டைத் திறந்தார். திறந்த விஷயத்தைச் சொல்ல அவர் சைக்கிளில் தென்காசி வந்து சேர்வதற்குள் துரையும் செவலையும் மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன.

“என்ன வே, நான் வாரதுக்குள்ள உம்ம ஆளுக தந்தி குடுத்துட்டாவளே!” என்று அவர் சிரித்தார். குத்தாலிங்கமும் சிரிக்கத்தான் பார்த்தான்.

மசூதின் கடைக்குப் போனான். மசூது ஒரு குடைக்கம்பியை நிமிர்த்தியபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“வீடு பிடிச்ச புறாவை எங்க கொண்டு போனாலும் வரும் வே. ஆயுசுக்கும் அடைச்சுப் போடணும், இல்ல றெக்கையை வெட்டணும். றெக்கை வெட்டுன புறாவைப் பூனை விட்டுவைக்குமா?”

“வேற வழி?”

“கறிக்குப் போடணும். அதுக்கு என்கிட்ட வராதீரும். நான் கையில வச்சுத் தீனி ஊட்டுன குஞ்சுக.”

வீட்டில் வடிவம்மாள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. “பிள்ளைத்தாச்சி புருஷன் கோழி கூட அறுக்கக் கூடாது. அடுத்தவன் கையில குடுத்து அறுக்கச் சொன்னாலும் அது நீ அறுத்த மாதிரிதான். எந்தப் பாவமும் இப்ப இந்த வீட்டு வாசல்ல வரக் கூடாது.”

வைத்துக்கொள்ளவும் கூடாது, கொல்லவும் கூடாது, கொடுத்தால் திரும்பி வந்துவிடும். குத்தாலிங்கம் இந்த மூன்றையும் மில்லில் பலகைகளுக்கு அளவு எழுதும்போது நினைத்தான், சாப்பிடும்போது நினைத்தான். நான்காவதாக ஒன்று அவனுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அவன் மாடிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்று விடிந்தபோது சாரல் தூறிக்கொண்டிருந்தது. ரத்தினம் புறாக்களுக்குத் தண்ணீர் வைக்க மாடிக்குப் போனாள். மேற்கே மலை இல்லை. வயல் முடிகிற இடத்திலேயே வெள்ளையாக ஒரு சுவர் எழும்பி வானம்வரை போயிருந்தது. கூட்டில் புறாக்களும் இல்லை. கூட்டு வாசல் அடைத்துக் கொண்டி போட்டிருந்தது.

கீழே இறங்கி வந்தாள். குத்தாலிங்கம் குடையும் கூடையுமாகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

“எங்கன போறிய?”

“ஆரியங்காவு. ரயில்ல.”

“மலை தெரியலியே.”

அவன் செருப்பு வாரைச் சரிசெய்தான். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை. “தெரியாததாலதான் போறேன்” என்றான்.

அவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அறுக்கக் கூடாதுன்னு மதினி சொன்னாவளே. இது என்ன?”

“இது அறுக்குததில்ல. பறக்க விடுதது.”

“எனக்கு நீங்கதான் சொல்லிக்குடுத்திய.”

“அப்ப நீ சொல்லு, ரத்தினம். வேண்டாம்னு சொல்லு, கூடையை இறக்கி வச்சுருதேன்.”

அவள் சொல்லவில்லை. வயிற்றில் இருப்பது நான்கு மாதப் பிள்ளை. அது அவள் வாயை அடைத்திருந்தது. கூடைக்குள் செவலை ஒருமுறை குமுறியது. ஞாயிற்றுக்கிழமைக் குமுறல்தான். குற்றாலத்துக்குப் போகிறோம் என்று அது நினைத்திருக்கும். குத்தாலிங்கம் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

ரயில் செங்கோட்டை தாண்டி மலை ஏறியது. நீளக் குகைக்குள் புகுந்தபோது பெட்டிக்குள் புகை நிறைந்தது. பயணிகள் ஜன்னல்களை அடைத்தார்கள். அவன் கூடையின் மேல் தன் துண்டைப் போர்த்தினான். உள்ளே புகை போய்விடக் கூடாதே என்றுதான். போர்த்திய பிறகு, எதற்குப் போர்த்தினோம் என்று தன் கையையே பார்த்தான்.

ஆரியங்காவில் சாரல் இல்லை, மழையே பெய்தது. ஸ்டேஷனுக்கு அப்பால் தேக்கு மரங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் நின்றான். நாலு பக்கமும் மேகம். மழை சற்று ஓயட்டும் என்று காத்திருந்தான். ஓய்ந்தால் நல்லதா, ஓயாவிட்டால் நல்லதா என்று அவனுக்கே தெரியவில்லை. லேசாக வெளுத்தபோது கூடையைத் திறந்தான். துரையும் செவலையும் உடனே கிளம்பவில்லை. கூடை விளிம்பில் ஏறி நின்று அவனைப் பார்த்தன. “போங்க” என்றான். கை தட்டினான். அவை எழும்பி ஒரு வட்டம் அடித்தன, இன்னொரு வட்டம் அடித்தன. குற்றாலத்தில் ஒரு வட்டத்துக்கு மேல் அடித்ததில்லை. அப்புறம் வெள்ளைக்குள் போய்விட்டன. திரும்பி வருகிற ரயிலுக்கு நேரம் கிடந்தது. அவன் காலிக் கூடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

தென்காசியில் ரத்தினம் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. வடிவம்மாள் அதட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, ரெண்டு உசிருக்காரி ரெண்டு கவளத்தோட எந்திரிக்கியே. போனது போச்சு. புறாதானே.”

“சாப்பிடுதேன், மதினி.”

சாப்பிடவில்லை. முருங்கைக் கீரையை உருவ எடுத்துக்கொண்டு மாடிப் படியின் உச்சியில், கதவை ஒட்டி உட்கார்ந்தாள். அங்கிருந்து மேற்கு தெரியும். வந்துவிடக் கூடாது என்று ஒரு காம்பை உருவினாள். வந்துவிட வேண்டும் என்று அடுத்த காம்பை உருவினாள். இரண்டும் மெய்யாகவே அவள் நினைத்ததுதான்.

பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லி முடிந்த சற்று நேரத்தில் மாடியில் ‘தொப்’ என்று சத்தம் கேட்டது. ரத்தினம் எழுந்து போனாள். அடைத்த கூட்டு வாசலில் செவலை தொற்றிக்கொண்டிருந்தது. நனைந்து பாதியாய்ச் சுருங்கி, வால் இறகுகள் பிய்ந்து, ஒரு பக்கம் இரத்தம் கசிய, அலகால் கொண்டியைத் தட்டியது. உள்ளே போக இடமில்லாமல் கீழே விழுந்தது. மறுபடி பறந்து தொற்றியது.

வடிவம்மாளும் மூச்சு வாங்கப் படியேறி வந்திருந்தாள்.

“திறக்காத ரத்தினம்” என்றாள். குரலில் முந்தைய அதட்டல் இல்லை. “உனக்காகத்தான் சொல்லுதேன்.”

“தெரியும் மதினி.”

“ரெண்டு பிள்ளையையும் என் கையாலதான் குளிப்பாட்டி அனுப்புனேன்.”

“அதுவும் தெரியும்.” ரத்தினம் கொண்டியை எடுத்துவிட்டாள். “வீடு தேடி வந்ததை எப்படி மதினி அடைக்க? எனக்குள்ள இருக்குததுகிட்டயும் வா வான்னுதானே கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

செவலை உள்ளே போய்த் தன் மூலையில் நில்லாமல் துரையின் பலகையில் நின்று, வாசலையே பார்த்தது. ரத்தினம் அதைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஈரத்தோட மடியில வைக்காத, சளி பிடிக்கும்” என்றாள் வடிவம்மாள். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள். பிறகு மஞ்சள் அரைக்கக் கீழே போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குத்தாலிங்கம் வந்தான். காலிக் கூடையைத் திண்ணைப் பக்கம் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். ரத்தினம் அடுக்களை வாசலில் நின்றாள்.

“செவலை முந்திட்டு” என்றாள்.

அவன் முகத்தில் வந்தது சந்தோஷமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கூடையை மெதுவாகத் தரையில் வைத்தான்.

“துரை?”

வரவில்லை என்று அவள் தலையை அசைத்தாள்.

அவன் மாடியேறிப் போனான். செவலையின் இறகை விரித்துப் பார்த்தான், மஞ்சள் பூசியிருந்த இடத்தைப் பார்த்தான். மேற்கே பார்த்தான். மலை இன்னும் வரவில்லை. இறங்கி வந்தபோது ரத்தினம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாத்தனாருக்கும் கேட்கட்டும் என்றுதான் அவள் சற்று உரக்கச் சொன்னாள்.

“ஒண்ணு சொல்லுதேன். காலையிலேயே சொல்லியிருக்கணும். இந்தப் பிள்ளை தங்குனா, துரை போனதாலதான் தங்கிச்சுன்னு இந்த வீட்டுல யாரும் சொல்லக் கூடாது. தங்காட்டா, செவலை வந்ததாலன்னும் சொல்லக் கூடாது.”

சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த வடிவம்மாள் சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தாள். “நான் எதுக்குச் சொல்லுதேன்” என்று மெல்ல முனகினாள்.

குத்தாலிங்கம் அடுக்களைக்குள் போனான். ஞாயிற்றுக்கிழமை. பந்தயத்தில் தோற்றவன் அவன். விறகு ஈரமாக இருந்ததால் அடுப்பு சீக்கிரம் பற்றவில்லை. குனிந்து ஊதிக்கொண்டே இருந்தான். புகையில் கண்ணைக் கசக்கினான், மறுபடி ஊதினான். ரத்தினம் உதவிக்குப் போகவில்லை. மூன்று தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூட்டு வாசல் திறந்தே இருக்கிறதா என்று பார்க்க மாடிக்குப் போனாள்.